புதுக் கணினி, பழைய கம்பி: அலுவலக நெட்வொர்க்கை மேம்படுத்தும்போது கேபிளை என்ன செய்வது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் கட்டாயம் என்பதால், பழைய கணினிகளை வைத்துக்கொண்டு தொழில் நடத்திவந்தவர்களுக்கு அவற்றை மொத்தமாக மாற்றும் நெருக்கடி வந்தது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளின் ஜவுளிக்கடைகள், மருந்துக்கடைகள், கிளினிக்குகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவையும் இதற்கு விலக்கல்ல. இதனோடு, தொலைபேசிக் கம்பி வழியாக வந்துகொண்டிருந்த இணையமும் ஃபைபருக்கு மாறிவருகிறது. இவ்வளவு செலவு செய்த பிறகும், "புது சிஸ்டம் வாங்கியாச்சு, பில்லு மட்டும் அதே மாதிரிதான் இழுக்குது" என்ற புகார் பல கடைகளில் கேட்கிறது.

பல இடங்களில் இதற்குக் காரணம் சுவரோரப் பிவிசி பட்டைக்குள்ளும், ஓட்டுக் கூரைக்குக் கீழே மச்சின் மேலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கிடக்கும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் லேன் கேபிள்தான். அது கண்ணில் படாத பொருள். விலைப்பட்டியலிலும் கடைசி வரியில் வருவது. ஆனால் மேம்பாட்டு வேலையில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கான காரணங்களையும், தொழில் நிற்காமல் பழைய கேபிளிலிருந்து வெளியேறும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முறுக்கு எதற்காக?

லேன் கேபிளின் வெளியுறையைக் கீறிப் பார்த்தால் எட்டுக் கம்பிகள் இருக்கும். அவை இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக நிற்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்பவை நான்கு நிறங்கள். ஒவ்வொரு நிறக் கம்பிக்கும் அதே நிறக் கோடிட்ட வெள்ளைக் கம்பி துணை.

கம்பிகளை இப்படி முறுக்கும் முறைக்கு 1881-இலேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றுவிட்டார். ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒன்றுக்கொன்று எதிரான மின்னழுத்தம் செல்கிறது. மறுமுனையில் இருக்கும் கருவி அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே படிக்கிறது. மின்விசிறி, டியூப்லைட்டின் சோக், அருகில் ஓடும் மின்கம்பி ஆகியவற்றிலிருந்து வரும் இரைச்சல், முறுக்கின் காரணமாக இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிப்பதால், வேறுபாட்டைக் கணக்கிடும்போது அது கழிந்துவிடுகிறது. பக்கத்து ஜோடியின் சமிக்ஞை இந்த ஜோடிக்குள் கசிவதையும் முறுக்கே தடுக்கிறது. அதற்காகத்தான் ஒவ்வொரு ஜோடியும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கேபிளின் முனையில் ஜாக் என்னும் செருகியை அடிக்கும் இடத்தில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது விதி. வேலை எளிதாக இருக்கட்டும் என்று இரண்டு அங்குலம் பிரித்து அடிக்கப்பட்ட ஜாக்குகள் நம் ஊர்க் கடைகளில் ஏராளம்.

கேட் 5, கேட் 5இ, கேட் 6: எண்கள் சொல்வது என்ன?

'கேட்' என்பது வகையைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம். எண் ஏற ஏற, அதிக அதிர்வெண் வரை சமிக்ஞையைச் சிதையாமல் கொண்டுசெல்லும் திறனும் ஏறுகிறது. இவற்றின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

1. 1980-களில் வந்தது டிவி கேபிள் போன்ற ஒற்றைக் கோஆக்சியல் கம்பி. எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும்; வேகம் நொடிக்கு 10 மெகாபிட், நீளம் 185 மீட்டர் வரை. நடுவில் ஓர் இணைப்பு தளர்ந்தால் மொத்த அலுவலகமும் நின்றுவிடும். இன்று எங்காவது இது மிச்சமிருந்தால் யோசிக்காமல் அகற்றலாம்.

2. 1990-இல் 10 மெகாபிட் வேகம் முறுக்கிய கம்பிக்கு வந்தது. அதற்குக் கேட் 3 போதுமானது. 1995-இல் வந்த 100 மெகாபிட் வேகத்துக்குக் கேட் 5 தேவைப்பட்டது.

3. 1999-இல் வந்த கிகாபிட், அதாவது 1000 மெகாபிட் வேகம், முறையாகப் போடப்பட்ட கேட் 5-இலேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. கசிவு குறித்த கட்டுப்பாட்டை இறுக்கி வந்ததே கேட் 5இ. அதே கேட் 5இ-யில் 2.5 கிகாபிட் வரை 100 மீட்டருக்கு அனுப்பும் தரம் 2016-இல் வெளியானது.

4. கேட் 6 என்பது 250 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். 10 கிகாபிட் வேகத்தை இதில் ஏறத்தாழ 55 மீட்டர் வரை அனுப்பலாம். 100 மீட்டர் முழுவதும் 10 கிகாபிட் வேண்டுமானால் கேட் 6ஏ தேவை.

இந்த 100 மீட்டர் என்பது சுவருக்குள் 90 மீட்டர், இரு முனைகளிலும் செருகும் சிறு கேபிள்கள் 10 மீட்டர் என்ற கணக்கு.

இந்த வேகங்கள் கல்லாவில் எப்படித் தெரியும்? நாள்தோறும் 40 கிகாபைட் கணக்குத் தரவை வேறொரு கணினிக்குப் பிரதி எடுக்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு பிட் ஒரு பைட் என்ற கணக்கில், 100 மெகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 11 மெகாபைட் போகும் என்பதால், கடை அடைத்த பிறகு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கிகாபிட்டில் அதே வேலை ஆறேழு நிமிடத்தில் முடியும், சேமிப்பகமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தால். அந்த ஒரு மணி நேரம் காத்திருக்க மனமில்லாமல் பிரதி எடுப்பதையே கைவிட்ட கடைகள் உண்டு. என்னைப் பொறுத்தவரை கேபிளை மாற்றுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

எட்டுக் கம்பியும் நான்கு கம்பியும்

மேம்பாட்டின்போது வரும் சிக்கல்களில் மிகுதியானவை இங்கேதான் பிறக்கின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

100 மெகாபிட் இணைப்பு நான்கு ஜோடிகளில் இரண்டை மட்டுமே பயன்படுத்துகிறது. ஜாக்கின் 1, 2, 3, 6 ஆகிய முனைகள் போதும். கிகாபிட்டுக்கோ எட்டுக் கம்பிகளும் வேண்டும். இந்த வேறுபாடு, பழைய கேபிளில் ஒளிந்திருக்கும் மூன்று குறைகளை வெளியே கொண்டுவருகிறது.

1. *பங்கு போடப்பட்ட கேபிள்.* புதிதாக ஒரு கல்லா வைக்கும்போது, இன்னொரு கேபிள் இழுக்கும் சிரமத்தைத் தவிர்க்க, இருக்கும் கேபிளின் நான்கு கம்பிகளைப் பிரித்து இரண்டாவது ஜாக்கை அடித்துவிடுவார்கள். 100 மெகாபிட் காலத்தில் இரண்டு கணினிகளும் நன்றாகவே ஓடின. கிகாபிட் ஸ்விட்சும் (எல்லா லேன் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி) கிகாபிட் கணினியும் வந்தவுடன், இரு கருவிகளும் 1, 2, 3, 6 முனைகள் வழியாகப் பேசி "நாம் கிகாபிட்டில் போகலாம்" என்று ஒப்புக்கொள்கின்றன. பிறகு மீதி நான்கு கம்பிகளைத் தேடினால் அவை இல்லை. சில கருவிகள் சில முறை முயன்று 100-க்கு இறங்கிக்கொள்ளும். மற்றவற்றில் இணைப்பு வந்து வந்து போகும். "புதுக் கணினியில் கோளாறு" என்று அதைத் திருப்பி அனுப்புவது இத்தகைய இடங்களில்தான்.

2. *உள்ளே அறுந்த கம்பி.* ஓட்டுக் கட்டடங்களின் மச்சில் எலி கடித்தோ, மேசைக் காலில் நசுங்கியோ பழுப்பு அல்லது நீல ஜோடி அறுந்திருக்கலாம். 100 மெகாபிட்டில் ஓடும் வரை அந்தக் குறை யாருக்கும் தெரியாது.

3. *பிரிந்த ஜோடி.* இது மிகவும் ஏமாற்றக்கூடியது. டி568பி என்னும் நிற வரிசை இது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி 3-ஆம், 6-ஆம் இடங்களில் விலகி நிற்பதைக் கவனியுங்கள். கருவி அந்த இரு முனைகளையும் ஒரே ஜோடியாகத்தான் படிக்கிறது. விவரம் தெரியாதவர்கள் பச்சையையும் பச்சை வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரு முனையிலும் ஒரே வரிசையாக அடித்துவிடுகிறார்கள். எட்டு விளக்குகள் வரிசையாக எரியும் சிறிய சோதனைக் கருவி இதைச் 'சரி' என்றே காட்டும், ஏனென்றால் 1-இலிருந்து 1-க்கு, 2-இலிருந்து 2-க்கு என்று மின்தொடர்பு இருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. ஆனால் 3-உம் 6-உம் வெவ்வேறு முறுக்குகளைச் சேர்ந்த கம்பிகளாகிவிட்டதால் இரைச்சல் கழிவதில்லை. வேகம் கூடக் கூடத் தரவுப் பொதிகள் சிதைந்து, மீண்டும் மீண்டும் அனுப்பப்படுகின்றன.

பகிர்வுக் கோப்பகத்தில் தரவை வைத்துக்கொண்டு பல கணினிகளில் ஒரே நேரத்தில் இயங்கும் கணக்கு மென்பொருள்களுக்கு இது பெரிய ஆபத்து. ஒரு பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் தரவுக்கோப்பே பழுதாகலாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு, பிற தொழில் நிறுவனங்களுக்குத் தரும் விலைப்பட்டியல்களை மின் விலைப்பட்டியலாகப் பதிவது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாகியிருக்கிறது. ஆகவே கல்லாவில் அறும் இணைப்பு, சரக்கு வண்டி கிளம்புவதையும் தாமதப்படுத்துகிறது.

உங்கள் இணைப்பின் நிலையை நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் பகுதியைத் திறந்தால் 'இணைப்பு வேகம்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கணினியும் ஸ்விட்சும் கிகாபிட்டாக இருந்தும் அங்கே 1000/1000 என்று வராமல் 100/100 என்று வந்தால், முதலில் ஐயுற வேண்டியது கேபிளையும் ஜாக்கையும்தான்.

உப்புக்காற்று, இரண்டு மழை, இடி

கேபிள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை ஊரின் தட்பவெப்பமும் தீர்மானிக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருசேரப் பெறும் குமரி மாவட்டத்தில் ஈரம் முழுதாக உலரும் மாதங்கள் குறைவு. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. அங்கே சில ஆண்டுகள் திறந்த ஸ்விட்சில் கிடந்த ஜாக் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தங்க நிறத்தில் மின்ன வேண்டிய எட்டுத் தகடுகளில் ஓரத்துத் தகடுகள் மங்கி, அவற்றின் அடியில் கம்பியைக் கவ்வும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். செம்புப் பாத்திரத்தில் புளியிட்டுத் தேய்த்து எடுக்கும் களிம்பின் இனம்தான் அதுவும். மின்தடையைக் கூட்டி, இணைப்பைச் சில நேரம் வரவும் சில நேரம் போகவும் செய்வது அந்தக் களிம்பே. இத்தகைய இடங்களில் கேபிள் நன்றாக இருந்தாலும் ஜாக்குகளை வெட்டிப் புதிதாக அடிப்பது நல்லது. ஸ்விட்சையும் மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறப் பிவிசி கேபிளை மாடியிலும் வெளிச்சுவரிலும் போடுவது இன்னொரு பரவலான தவறு. வெயிலில் அதன் உறை வெடித்து, மழைநீர் உள்ளே இறங்கி, உறைக்குள்ளேயே ஊர்ந்து கட்டடத்துக்குள் இருக்கும் ஜாக் வரைக்கும் வந்துவிடும். வெளியில் போடுவதற்கென்றே கறுப்புப் பாலித்தீன் உறையுள்ள கேபிள் விற்கிறது. அது சுவரில் நுழையும் இடத்துக்குச் சற்று முன்பு தொட்டில்போல் தாழத் தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றினால், வழிந்துவரும் நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும்.

எல்லாவற்றிலும் கடுமையானது இடி. கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் இடிமின்னல் மிகுந்த மாவட்டம் இது. லேன் கருவிகளின் முனைகள் 1500 வோல்ட் வரை தாங்கும்படி தனிமைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது தரவிதி. அருகில் இடி விழும்போது நீண்ட கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தம் இதைப் பல மடங்கு தாண்டக்கூடும். மின்னிணைப்பைப் பிடுங்கிவைத்த கணினியும்கூட, லேன் கம்பி செருகியபடியே இருந்ததால் எரிந்துபோவது இதனால்தான்.

இரண்டு தனிக் கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் இழுப்பதை இனிமேலாவது நிறுத்த வேண்டும். கருங்கல், தக்கலை பக்கம் அண்டி ஆபீஸ் என்று சொல்லப்படும் முந்திரி ஆலைகளிலோ ரப்பர் கிட்டங்கிகளிலோ அலுவலகம் ஓரிடத்திலும் எடை போடும் கொட்டகை இன்னோரிடத்திலுமாக இருக்கும். இரு கட்டடங்களின் எர்த்துகளுக்கு இடையிலும் மின்னழுத்த வேறுபாடு வரலாம். ஃபைபர் கண்ணாடி இழையாலானது. அது மின்சாரத்தைக் கடத்தாது, 100 மீட்டர் வரம்பும் அதற்கில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தொங்கவிடும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி ஒன்று கூடவே ஓடும். அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே பிரித்துக் கட்டிவிட்டு, மெல்லிய இழைப் பகுதியை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். உள்ளே இருக்கும் உலோக வலுவூட்டிகளையும் கருவிக்குத் தொலைவிலேயே வெட்டிவிட வேண்டும். அல்லது உலோகமே இல்லாத ஃபைபர் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் மாவட்டமெங்கும் மின்கம்பங்களையும் மரங்களையும் சாய்த்ததை நினைத்துப் பார்த்தால், முடிந்த இடங்களில் இந்த ஃபைபரைத் தரைக்கடியில் குழாய்க்குள் கொண்டுபோவதே மேல்.

புதுக் கேபிளிலும் பழைய ஏமாற்று: சிசிஏ

செம்பு விலை ஏற ஏற, அலுமினியக் கம்பியின் மேல் செம்புப் பூச்சு ஏற்றிய கேபிள், சுருக்கமாகச் சிசிஏ, சந்தையில் நிறைந்துவிட்டது. பெட்டியில் 'கேட் 6' என்றே அச்சிட்டிருக்கும். சிசிஏ என்ற மூன்றெழுத்து எங்காவது சிறிதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தரவிதிகள் முழுச் செம்பையே கோருவதால், சிசிஏ கேபிளைக் கேட் 6 என்று அழைப்பதே தவறு.

ஒரே தடிமனில் அதன் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. சில முறை வளைத்தால் முறிந்துவிடும். கண்காணிப்புக் கேமரா, வைஃபை கருவி ஆகியவற்றுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ முறையில் குறை இன்னும் பெரிதாகிறது. 2003-இல் 15.4 வாட்டாகத் தொடங்கிய அந்த முறை 2009-இல் 30 வாட், 2018-இல் 90 வாட் வரை உயர்ந்திருக்கிறது. அவ்வளவு மின்சாரம் தடை மிகுந்த கம்பிக் கட்டு ஒன்றுக்குள் ஓடினால் அது சூடாகும்.

வாங்கும்போதே சோதிக்கலாம். கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டினால் முழுச் செம்பு உள்ளேயும் செந்நிறமாக இருக்கும். சிசிஏ வெள்ளியாய் வெளுக்கும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். ஒரு கம்பிக்கு 100 மீட்டரில் 9.38 ஓம் என்பது விதி அனுமதிக்கும் உச்சம். 305 மீட்டர் பெட்டியைத் திறந்து ஒரே கம்பியின் இரு முனைகளையும் அளந்தால் 29 ஓமைத் தாண்டக் கூடாது. நாற்பதை நெருங்கினால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எது இருக்கலாம், எது போக வேண்டும்?

எல்லாப் பழைய கேபிளையும் பிடுங்கி எறியச் சொல்வதும் தவறுதான். ஒரே கட்டடத்துக்குள், நல்ல செம்பில், முறையாக அடிக்கப்பட்டு, 1000/1000 காட்டும் கேட் 5இ கேபிள் பில்லிங், கணக்கு, அச்சு ஆகிய வேலைகளுக்கு இன்னும் பல ஆண்டுகள் போதும். கோஆக்சியல், கேட் 3, நான்கு கம்பியாகப் பங்கு போடப்பட்டவை, நடுவில் முறுக்கி ஒட்டுப் போடப்பட்டவை, கட்டடங்களுக்கு இடையே ஓடும் செம்பு, சிசிஏ ஆகியவை போக வேண்டும். புதிதாக இழுப்பதானால் கேட் 6 போதுமானது. வேலைக்கூலி எந்தக் கேபிளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எடை இயந்திரம், பழைய பில் பிரிண்டர் ஆகியவற்றின் சீரியல் கேபிளைத் தனியாகக் கவனியுங்கள். அதற்கு வழக்கமான வரம்பு 15 மீட்டர்தான். புதிய கணினிகள் பலவற்றில் அந்த முனையே இல்லை. யூஎஸ்பி மாற்றியை முன்கூட்டியே வாங்கி, புதிய விண்டோஸில் ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மாற்றும் வரிசை

கணினி, ஸ்விட்ச், கேபிள் மூன்றையும் ஒரே இரவில் மாற்றினால், காலையில் வரும் கோளாறு எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் கேபிள், அடுத்து ஸ்விட்ச், கடைசியாகக் கணினி என்ற வரிசையே பாதுகாப்பானது. பழைய கணினி புதிய கேபிளில் ஓடும். புதிய கணினி பழைய கேபிளில் தடுமாறும்.

1. கடையின் தரைப்படத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு கேபிளும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தக் கருவி அதில் இருக்கிறது என்று எழுதுங்கள். எங்கே போகிறதென்றே தெரியாத கேபிள் ஒன்றிரண்டு எப்படியும் அகப்படும். அதைத் தடவிப்பார்த்து முடிவு தெரியும் வரை வெட்ட வேண்டாம். மாடியில் இருக்கும் கேமராப் பதிவுக் கருவி அதில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள். மாதந்தோறும் ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கெடு நாட்கள் என்பதால், 20 தாண்டி மாதக் கடைசிக்கு முன்னுள்ள வாரம் வசதி. ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு முந்தைய வாரங்கள் வேண்டாம். வெளிப்புற வேலை இருந்தால் மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை உகந்த காலம்.

3. கணக்குத் தரவை முழுமையாகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதி வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

4. பழையதைத் தொடாமல் புதிய கேபிளைத் தனிப் பாதையில் இழுங்கள். மின்கம்பி ஓடும் அதே குழாயில் கூடவே கூடாது. 11 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் இழுத்தாலோ, கேபிள் தடிமனின் நான்கு மடங்கைவிடக் கூர்மையாக மடித்தாலோ உள்ளிருக்கும் முறுக்கு கலைந்துவிடும். எந்த இடத்துக்கும் ஒன்று போதுமென்றால் இரண்டு இழுத்துவிடுங்கள். பின்னாளில் பங்கு போடும் தேவை வராது.

5. இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டி, ஒவ்வொரு கேபிளையும் சோதியுங்கள். கசிவையும் அளக்கும் சோதனைக் கருவியை வைத்திருக்கும் ஆளை அமர்த்தினால் அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். அது கிடைக்காத இடத்தில், இரண்டு கிகாபிட் கணினிகளைப் புதிய கேபிளின் இரு முனையிலும் இணைத்து, பெரிய கோப்பு ஒன்றை அனுப்பி நேரத்தைக் கணக்கிடுங்கள். நொடிக்கு நூறு மெகாபைட்டை ஒட்டி வர வேண்டும்.

6. ஓர் இரவில் ஒரு கல்லாவை மட்டும் மாற்றி, மறுநாள் முழுவதும் வியாபாரத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் அடுத்தது. கோளாறு வந்தால் பழைய கேபிளை மறுபடி செருக ஒரு நிமிடம் போதும். பழையதை விட்டுவைப்பது இதற்காகத்தான்.

7. எல்லாம் மாறிய பிறகு ஒரு மாதக் கணக்கு முடிப்பு வரை பொறுத்திருந்து, பிறகு பழைய கேபிளை முழுவதுமாக அகற்றுங்கள். மச்சில் விட்டுவைத்தால் எலிக்குப் பாதையாகும். அடுத்து வருபவர் அதையே மீண்டும் உயிர்ப்பித்துக் கல்லாவில் இணைப்பதும் நடக்கும்.

அகற்றிய கேபிளைச் செம்புக்காக எரிப்பவர்கள் கையில் கொடுக்காதீர்கள். பிவிசி எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சுப் பொருள் உண்டாகிறது. எரிக்கும் இடத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள்தான் அதைச் சுவாசிக்கிறார்கள். உறையை உரித்துச் செம்பைப் பிரிக்கும் மின்கழிவு மறுசுழற்சியாளர்களிடமே அது போய்ச்சேர வேண்டும். முதல் நாள் வரைந்த தரைப்படத்தைப் புதிய எண்களோடு திருத்தி, ஸ்விட்ச் பெட்டியின் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.